காசு கட்டாமல் டீம் போடுவது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அம்மாதம் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. அன்றிலிருந்து வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பையன்களிடம் ஒரே கேள்விதான்: “இனிமே டீம் போடவே முடியாதாண்ணே?” முடியும். டீம் போடுவது என்றால், உண்மையான வீரர்களை வைத்துக் கற்பனை டீம் அமைத்து ஆடும் ‘ஃபேன்டஸி’ ஆட்டம். சட்டம் தடுத்திருப்பது பணத்தை, ஆட்டத்தை அல்ல. சட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய செய்தி வந்துவிட்டது. காசு கட்டாமல் இந்த ஆட்டத்தை ஒழுங்காக ஆடுவது எப்படி என்று புதியவர்களுக்குச் சொல்லும் கட்டுரைதான் எங்கள் கண்ணில் படவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

சட்டத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். காசு கட்டி, காசு ஜெயிக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது. அது திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வாதத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடியவரைத் தண்டிக்கும் பிரிவு இல்லை. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த டிரீம்11 என்ற ஃபேன்டஸி ஆப் கூட அந்த மாதமே காசுப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது. இலவசமாக ஆடுகிற லீக்குகளுக்கு இதனால் எந்தச் சிக்கலும் இல்லை.

இனி ஆட்டம். உண்மையான வீரர்களை வைத்து நாம் ஒரு கற்பனை டீம் போடுகிறோம். அந்த வீரர்கள் மைதானத்தில் என்ன செய்கிறார்களோ, அதற்கேற்ப நம் டீமுக்குப் பாயிண்ட் ஏறும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் விதி. 1980-இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகையாளரும் அவர் நண்பர்களும் பேஸ்பால் வீரர்களை வைத்துத் தொடங்கிய ‘ரோட்டிஸரி லீக்’தான் இன்றைய வடிவத்துக்கு முன்னோடி. ஆளுக்கு ஒரு பட்ஜெட், வீரர்களை ஏலத்தில் எடுப்பது என்று விதி வைத்தார்கள். அவர்களுக்கு ஆப் எல்லாம் கிடையாது. பேப்பரில் வந்த ஸ்கோரைப் பார்த்துக் கையால் கூட்டினார்கள்.

எங்கள் ஏரியாவில் பந்து என்றால் ஃபுட்பால். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் கைகாட்டுவது இங்கிலீஷ் பிரீமியர் லீக்கின் அதிகாரபூர்வ ஆட்டமான ‘ஃபேன்டஸி பிரீமியர் லீக்’கைத்தான். முழுக்க இலவசம். 2002-03 சீசனிலிருந்து நடக்கிறது. 20 கிளப், 38 வாரம். ஈமெயில் முகவரி ஒன்று இருந்தால் போதும். கீழே சொல்லும் விதிகள் 2025-26 சீசனுக்கானவை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒன்றிரண்டு மாறும், சீசன் தொடங்கும்போது விதிப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

மொத்தம் 15 பேரை எடுக்க வேண்டும்: கோல்கீப்பர் 2, டிஃபென்டர் 5, மிட்ஃபீல்டர் 5, ஃபார்வர்ட் 3. ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. பட்ஜெட் 100. ஆப்பில் அதை மில்லியன் பவுண்டு என்று காட்டும், நாம் வெறும் 100 என்றே வைத்துக்கொள்வோம். 15 பேரில் 11 பேர் ஆடுவார்கள், 4 பேர் பெஞ்சில். ஒருவர் கேப்டன், அவர் பாயிண்ட் இரண்டு மடங்கு.

புதியவர்கள் முதலில் சறுக்குவது பட்ஜெட்டில். 2025-26 தொடக்கத்தில் லிவர்பூல் வீரர் முகமது சலாவின் விலை 14.5, மான்செஸ்டர் சிட்டி வீரர் ஹாலண்டின் விலை 14. இருவரையும் எடுத்தால் 28.5 போய்விடும். மிச்சம் 71.5-ஐ வைத்துக்கொண்டு 13 பேரை எடுக்க வேண்டும், தலைக்கு 5.5. அந்த விலையில் நல்ல டிஃபென்டர் கிடைப்பார், நல்ல மிட்ஃபீல்டர் கிடைப்பது கஷ்டம். முந்தைய சீசனில் சலா 344 பாயிண்ட் எடுத்து இந்த ஆட்டத்தின் சாதனையையே முறியடித்தார் என்பதால், அவரை விட மனசு வராது. ஆனாலும் இரண்டு பெரிய விலை வீரர்களில் ஒருவரோடு நிறுத்திக்கொள்வது புதியவர்களுக்கு நல்லது. அடிபட்டாலோ, ஃபார்ம் போனாலோ மாற்றுவதற்குக் கையில் இடம் இருக்கும்.

பெஞ்சுக்கு எவ்வளவு ஒதுக்குவது? 4 விலையில் ஒரு கோல்கீப்பர், 4 விலையில் ஒரு டிஃபென்டர், 4.5 விலையில் ஒரு மிட்ஃபீல்டர், ஒரு ஃபார்வர்ட். ஆக 17. மீதி 83 முதல் பதினொருவருக்கு. பெஞ்சில் இருக்கிற மூன்று ஃபீல்டு வீரர்களில் குறைந்தது ஒருவராவது தன் கிளப்பில் வாராவாரம் இறங்குகிறவராக இருக்கட்டும். நான்கு பேரும் சும்மா உட்கார்ந்திருப்பவர்களாக இருந்தால், டிசம்பரில் மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம் என்று நடக்கும்போது உங்கள் டீம் ஒன்பது பேரோடு நிற்கும்.

பாயிண்ட் கணக்கு இப்படி. ஒரு நிமிடம் இறங்கினாலும் 1, 60 நிமிடம் தாண்டினால் 2. கோல் அடித்தால் ஃபார்வர்டுக்கு 4, மிட்ஃபீல்டருக்கு 5, டிஃபென்டருக்கு 6, கோல்கீப்பருக்கு 10. அசிஸ்ட், அதாவது கோலுக்குப் பந்து கொடுப்பது, எல்லோருக்கும் 3. எதிரணி கோலே போடவில்லை என்றால் கோல்கீப்பருக்கும் டிஃபென்டருக்கும் 4, மிட்ஃபீல்டருக்கு 1, ஆனால் அவர் 60 நிமிடம் ஆடியிருக்க வேண்டும். 58-ஆம் நிமிடத்தில் வெளியே கூப்பிட்டுவிட்டால் அந்த 4 கிடையாது. 70-இல் வெளியே வந்து, அதன் பிறகு அணி கோல் வாங்கினால் அவருக்கு 4 உண்டு. கோல்கீப்பர் மூன்று பந்து தடுத்தால் 1, பெனால்டியைத் தடுத்தால் 5. பெனால்டியைக் கோட்டைவிட்டால் −2, ஓன் கோல் −2, மஞ்சள் அட்டை −1, சிவப்பு −3. கோல்கீப்பர், டிஃபென்டருக்கு அணி வாங்கும் ஒவ்வொரு இரண்டு கோலுக்கும் −1. ஒவ்வொரு மேட்சிலும் சிறப்பாக ஆடிய மூன்று பேருக்கு 3, 2, 1 என்று போனஸ்.

2025-26-இல் வந்த ஒரு புதிய விதி எங்களுக்கு மிகவும் பிடித்தது. டிஃபென்டர் ஒரு மேட்சில் பந்தை அடித்து விலக்குவது, மறிப்பது, இடைமறிப்பது, டேக்கிள் செய்வது எல்லாம் சேர்த்து 10 வந்தால் 2 பாயிண்ட். மிட்ஃபீல்டர், ஃபார்வர்டுக்கு இழந்த பந்தைத் திரும்பப் பிடிப்பதையும் சேர்த்து 12 வந்தால் 2 பாயிண்ட். எவ்வளவு வந்தாலும் ஒரு மேட்சுக்கு 2 மட்டும்தான். எங்கள் மைதானங்களில் பின்னால் நின்று உயிரைக் கொடுத்து ஆடுகிற பையனை யாரும் கண்டுகொள்வதில்லை, கைதட்டெல்லாம் கோல் அடிக்கிறவனுக்குத்தான். கணக்கில் அந்த உழைப்பும் ஏறுகிறது என்பது சின்ன விஷயமில்லை. டீம் போடுகிறவருக்கும் இதில் லாபம் உண்டு: பட்டியலின் அடியில் கிடக்கிற சின்ன கிளப்பின் சென்டர் பேக் (நடுவில் நிற்கும் டிஃபென்டர்), மேட்ச் முழுக்க பந்தை விலக்கிக்கொண்டே இருப்பார். விலை 4.5. 0-1 என்று தோற்றாலும் 2 + 2 = 4 வரும்.

வீரர் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதைவிட, ஆப்பில் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறார் என்பதைப் பாருங்கள். ஃபார்வர்டு போல முன்னால் நின்று ஆடுகிறவர் மிட்ஃபீல்டர் என்று பதிவாகியிருந்தால் கோலுக்கு ஒரு பாயிண்ட் அதிகம், எதிரணி கோல் போடாவிட்டால் இன்னொன்றும் உண்டு. அப்படிப்பட்டவர், கூடவே பெனால்டியும் அடிக்கிறவர் என்றால் விடாதீர்கள். கார்னரும் ஃப்ரீ கிக்கும் எடுக்கிற வீரருக்கு அசிஸ்ட் வாய்ப்பு அதிகம். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு டீம் போட்டாலே பாதிப் பேரை முந்திவிடலாம்.

வாரத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர், அதாவது ஒரு வீரரை மாற்றுவது, இலவசம். செய்யாவிட்டால் சேரும், ஐந்து வரை சேர்த்து வைக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 பாயிண்ட் பிடித்துக்கொள்வார்கள். புதியவர்கள் பாயிண்டை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். அடிபட்ட ஒருவரை எடுத்துவிட்டு 4 பாயிண்ட் கொடுத்து இன்னொருவரைப் போடுகிறீர்கள். அவர் 90 நிமிடம் ஆடி ஒன்றும் செய்யாவிட்டால் 2 பாயிண்ட். ஆக மொத்தம் −2. பழையவரை அப்படியே விட்டிருந்தால் 0, பெஞ்சிலிருந்து ஒருவர் உள்ளே வந்திருந்தால் 2. ஆகையால் அடிபட்டவர் மூன்று, நான்கு வாரம் வரமாட்டார் என்று தெரிந்தால் தவிர இந்த 4-ஐக் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை காலையில், முந்தைய நாள் கோல் அடித்தவரைப் பார்த்த சூட்டோடு டிரான்ஸ்ஃபர் பட்டனை அமுக்குவதும் கூடாது. வார நடுவில் கோப்பை ஆட்டங்கள் இருக்கும், அதில் அவருக்கு அடிபட்டால் போச்சு. வெள்ளிக்கிழமை பயிற்சியாளர்கள் பேட்டி கொடுத்து முடிக்கும் வரை பொறுங்கள்.

வீரரின் விலையும் ஏறி இறங்கும். 7-க்கு வாங்கியவர் 7.3 ஆனால், விற்கும்போது 7.3 கிடைக்காது. லாபத்தில் பாதிதான், அதுவும் கீழ்நோக்கி முழுமையாக்கி, அதாவது 7.1. இது தெரியாமல் ‘பட்ஜெட் எங்கே போச்சு’ என்று தேடுகிறவர்கள் நிறைய.

டெட்லைன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் ஊர்க்காரர்களைக் கவிழ்ப்பது இதுதான். வாரத்தின் முதல் மேட்ச் தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பு டீம் பூட்டப்படும். சனிக்கிழமை அங்கே மதியம் 12.30 மேட்ச் முதலாவது என்றால், நமக்கு டெட்லைன் கோடைக்காலக் கணக்கில் மாலை 3.30, குளிர்காலக் கணக்கில் 4.30. இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் வைப்பார்கள். ஆபத்து எது என்றால், வெள்ளிக்கிழமை இரவு மேட்ச். அங்கே 8 மணிக்குத் தொடங்கினால் நமக்கு டெட்லைன் வெள்ளி இரவு 11, குளிர்காலத்தில் சரியாக நள்ளிரவு 12. ‘சனிக்கிழமை சாயந்திரம் பார்த்துக்கலாம்’ என்று தூங்கப் போகிறவரின் டீமில் அடிபட்டவர் கேப்டனாக நிற்பார். செவ்வாய், புதன் இரவு ஆட்டம் நடக்கும் வாரங்களிலும் இதே கதை. ஆப்பில் நம் நேரம் காட்டும். ஆனால் முதல் மேட்ச் எந்தக் கிழமை என்று பார்க்காதவருக்கு அதனால் என்ன பயன்? டெட்லைனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஃபோனில் அலாரம் வையுங்கள்.

பெஞ்சின் வரிசை முக்கியம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஒரு கணக்கைப் பார்ப்போம். மூன்று டிஃபென்டர், நான்கு மிட்ஃபீல்டர், மூன்று ஃபார்வர்ட் என்று டீம் இறக்கியிருக்கிறீர்கள். பெஞ்சில் முதலில் மிட்ஃபீல்டர், அடுத்து இரண்டு டிஃபென்டர். ஆடுகிற ஒரு டிஃபென்டர் அன்றைக்கு மைதானத்துக்கே வரவில்லை. முதலில் இருக்கிற மிட்ஃபீல்டர் உள்ளே வர முடியாது, ஏனென்றால் டீமில் எப்போதும் மூன்று டிஃபென்டராவது இருக்க வேண்டும். அவரைத் தாண்டி இரண்டாவது இடத்தில் இருக்கிற டிஃபென்டர் வருவார். அவரும் ஆடவில்லை என்றால் மூன்றாமவர். வராமல் போனது ஒரு ஃபார்வர்ட் என்றால் முதலில் இருக்கிற மிட்ஃபீல்டரே வந்துவிடுவார். ஆகவே பெஞ்சில் இருக்கிற இரண்டு டிஃபென்டரில், நிச்சயமாக இறங்கக்கூடியவரை முன்னால் வையுங்கள். மாற்றம் எல்லாம் தானாக நடக்கும், வாரத்தின் கடைசி மேட்ச் முடிந்த பிறகுதான் கணக்கில் ஏறும்.

கேப்டன் ஒரு நிமிடம் கூட இறங்கவில்லை என்றால் வைஸ் கேப்டனுக்கு இரண்டு மடங்கு கிடைக்கும். கேப்டன் 89-ஆம் நிமிடத்தில் மாற்றாக இறங்கி 1 பாயிண்ட் எடுத்தால் உங்களுக்கு 2 மட்டும்தான், வைஸ் கேப்டன் ஹாட்ரிக் அடித்திருந்தாலும் அது ஒரு மடங்கே. சந்தேகத்தில் இருக்கிறவரைக் கேப்டன் ஆக்காதீர்கள் என்பது இதனால்தான்.

சிப் என்று நான்கு சிறப்புச் சலுகைகள் இருக்கின்றன. வைல்டு கார்டு: எத்தனை பேரை வேண்டுமானாலும் இலவசமாக மாற்றலாம், மாற்றம் நிலைக்கும். ஃப்ரீ ஹிட்: அதே போலத்தான், ஆனால் ஒரு வாரத்துக்கு மட்டும், அடுத்த வாரம் பழைய டீம் திரும்பிவிடும். பெஞ்ச் பூஸ்ட்: அந்த வாரம் பெஞ்சின் பாயிண்டும் சேரும். டிரிபிள் கேப்டன்: இரண்டுக்குப் பதில் மூன்று மடங்கு. 2025-26-இல் ஒவ்வொன்றும் இரண்டு முறை. முதல் செட்டை 19-ஆம் வார டெட்லைனுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி. ஒரு வாரத்தில் ஒரு சிப்தான். கோப்பை ஆட்டங்களால் சில மேட்சுகள் தள்ளிப்போகும்போது ஒரு வாரம் சில கிளப்புகளுக்கு ஆட்டமே இருக்காது, இன்னொரு வாரம் இரண்டு ஆட்டம் இருக்கும். ஃப்ரீ ஹிட்டை முன்னதற்கும், பெஞ்ச் பூஸ்டையும் டிரிபிள் கேப்டனையும் பின்னதற்கும் வைத்துக்கொள்வது வழக்கம். மூன்றாவது வாரமே டீம் பிடிக்கவில்லை என்று வைல்டு கார்டைக் கிழிக்காதீர்கள்.

நண்பர்களுக்குள் லீக் அமைப்பது சுலபம். லீக் பகுதியில் புதிய தனி லீக் என்று தொடங்கினால் ஒரு குறியீடு (code) வரும், அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மற்றவர்கள் சேர்ந்துவிடுவார்கள். கிளாசிக் என்றால் மொத்தப் பாயிண்ட். ஹெட் டு ஹெட் என்றால் வாராவாரம் ஒருவரோடு மோதல், ஜெயித்தால் 3, சமன் என்றால் 1. நடுவில் சேர்கிறவர்கள் இருந்தால், எந்த வாரத்திலிருந்து கணக்கு என்பதை லீக் தொடங்கும்போதே குறித்துவிடலாம். பழைய ஆட்களுக்கும் புதியவர்களுக்கும் ஒரே தொடக்கக் கோடு. இல்லாவிட்டால் நவம்பரில் வந்தவர் மே வரை கடைசியிலேயே கிடப்பார், ஜனவரியில் ஆப்பைத் திறக்கவே மாட்டார்.

கிரிக்கெட்டுக்கு நாங்கள் சொல்வது நோட்டு லீக். ஐபிஎல் சமயத்தில் எட்டுப் பேர் சேர்ந்து, ஒரு இருநூறு பக்க நோட்டும் வாட்ஸ்அப் குழுவும் இருந்தால் போதும். ஆளுக்கு 1,000 கற்பனைப் பாயிண்ட், ஆளுக்கு 12 வீரர். 2025 ஐபிஎல்லில் 10 அணி. ஆட்டத்தின் நடுவே மாற்றாக இறங்கும் இம்பாக்ட் வீரரையும் சேர்த்தால் ஒரு அணிக்கு 12 பேர், ஆக அன்றாடம் இறங்குகிறவர்கள் சுமார் 120. அதில் 96 பேரை எட்டுப் பேர் ஏலத்தில் எடுக்கிறீர்கள். ஏலச்சீட்டு பார்த்துப் பழகிய நம் ஏரியாவுக்கு ஏலம் கேட்கச் சொல்லித்தரத் தேவையில்லை. யாருக்கு அவசரம், யார் சும்மா ஏற்றிவிடுகிறார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

குறைந்தபட்சக் கேள்வி 10. இங்கே ஒரு விதியைக் கட்டாயம் வையுங்கள்: இன்னும் நிரப்ப வேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் 10 கையில் இருக்க வேண்டும். அதாவது முதல் வீரருக்கு ஒருவர் கேட்கக்கூடிய அதிகபட்சம் 1,000 − 110 = 890. இந்த விதி இல்லாவிட்டால் யாராவது ஒருவர் ஏழு வீரர்களோடு காசு தீர்ந்து உட்கார்ந்திருப்பார், ஏலம் சண்டையில் முடியும். யார் பெயரைச் சொல்வது என்பதைச் சுற்றுமுறையில் விடுங்கள். பெரிய பெயர்கள் முதலில் வரும், அவற்றுக்கு விலை எகிறும். நிதானமாக இருக்கிறவர் ஐம்பதாவது வீரருக்குப் பிறகு, அடுத்தவர்கள் கையில் காசில்லாத நேரத்தில், நல்ல ஆல்ரவுண்டரை 30-க்கு எடுப்பார்.

நம்மூரில் பழகிய பாயிண்ட் கணக்கே போதும். ரன்னுக்கு 1, ஃபோருக்கு கூடுதலாக 1, சிக்ஸருக்கு கூடுதலாக 2, அரை சதத்துக்கு 8, சதத்துக்கு 16. விக்கெட்டுக்கு 25, அது போல்டோ எல்பிடபிள்யூவோ என்றால் கூடுதலாக 8. மெய்டன் 12, கேட்ச் 8, ஸ்டம்பிங் 12. ரன் அவுட்டில் ஸ்கோர் கார்டில் ஒரே பெயர் இருந்தால் 12, இரண்டு பெயர் இருந்தால் ஆளுக்கு 6. கேப்டன் இரண்டு மடங்கு, வைஸ் கேப்டன் ஒன்றரை. எக்கானமி, ஸ்ட்ரைக் ரேட் போனஸ் வேண்டவே வேண்டாம். கையால் கணக்குப் போடும்போது தப்பு வருவது அங்கேதான்.

ஒருவர் ஐந்து ஃபோர், இரண்டு சிக்ஸரோடு 45 ரன் அடித்தால் 45 + 5 + 4 = 54. இன்னொருவர் இரண்டு விக்கெட் எடுக்கிறார், ஒன்று போல்டு, ஒரு கேட்சும் பிடிக்கிறார்: 50 + 8 + 8 = 66. பெயர் பெரிதான பேட்ஸ்மேன்களுக்குப் பட்ஜெட்டைக் கொட்டுகிறவர்கள் பின்தங்குவது ஏன் என்பது இந்த இரண்டு வரியிலேயே தெரியும். கடைசி ஓவர்களைப் போடுகிற பவுலருக்கு விக்கெட் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அப்போது எல்லோரும் தூக்கி அடிப்பார்கள். பேட்டிங்கில் முதல் மூன்று இடத்தில் வருகிறவரை மட்டும் நம்பிக் காசு போடுங்கள். ஆறாவது இடத்தில் வருகிறவருக்குப் பல நாள் எட்டுப் பந்துதான் மிஞ்சும்.

2023-இல் வந்த இம்பாக்ட் வீரர் விதியால் ஒரு குழப்பம் உண்டு. முதலில் பேட் செய்கிற அணி, தன் முக்கியப் பவுலரை மாற்று வீரர் பட்டியலில் வைத்துவிட்டு, இரண்டாவது இன்னிங்ஸில் இறக்கும். டாஸ் நேரத்தில் பதினொருவர் பெயரைப் பார்த்து ‘நம்மாளு இல்ல’ என்று அடுத்த மேட்சுக்குக் கேப்டனை மாற்றினால் ஏமாந்துபோவீர்கள். ஐந்து பேர் கொண்ட மாற்றுப் பட்டியலையும் பாருங்கள். மைதானத்தில் இறங்கிய எவருக்கும் பாயிண்ட் உண்டு என்றும், சூப்பர் ஓவர் கணக்கில் சேராது என்றும், மழையில் பாதியில் நின்றால் நடந்தவரைக்கும் கணக்கு என்றும் முதல் பக்கத்திலேயே எழுதி எட்டுப் பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

கேப்டன் பெயரை டாஸுக்கு முன், இரவு ஆட்டம் என்றால் 7 மணிக்குள், குழுவில் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரை திருத்த முடியும். திருத்தினால் அதன் கீழே காட்டிவிடும். திருத்திய செய்தி செல்லாது, முந்தைய மேட்சின் கேப்டனே தொடர்வார் என்று விதி வையுங்கள். கணக்கெழுதுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் இன்னொருவர், இருவரும் வாரத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். நோட்டில் ஒரு மேட்சுக்கு ஒரு பக்கம், ஐந்து கட்டம்: வீரர், பேட்டிங், பவுலிங், ஃபீல்டிங், மொத்தம். மேட்ச் நடக்கும்போதே எழுதாதீர்கள். கேட்ச் பிடித்தவர் பெயரையும் ரன் அவுட்டையும் பிறகு ஸ்கோர் கார்டில் திருத்துவது உண்டு. மறுநாள் காலை எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, யாரும் எடுக்காத வீரர்களிலிருந்து ஒருவரை மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தால், அடிபட்ட வீரரை வைத்துக்கொண்டு தவிக்கிறவர் ஆட்டத்தைவிட்டுப் போகமாட்டார். அந்த மாற்றத்தில் முதல் உரிமை கடைசியில் இருப்பவருக்கு.

இந்த நோட்டு லீக்கில் ஆளுக்கு நூறு, இருநூறு போட்டு ஜெயித்தவர் எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது கிளப்புவார்கள். வேண்டாம். அது பந்தயம், போலீஸ் வந்தால் நோட்டே சாட்சி. காசு நுழைந்தால் கணக்கெழுதுகிறவர் மேல் சந்தேகமும் நுழையும்.

தடைக்குப் பிறகு டெலிகிராமில் புதிது புதிதாகக் குழுக்கள் முளைத்திருப்பதையும் சொல்லியாக வேண்டும். ‘இன்றைக்கு ஜெயிக்கும் டீம்’ என்று காசு வாங்குகிறவர்கள் ஒரு வகை. இருபது குழுவுக்கு இருபது டீம் அனுப்பி, ஜெயித்த குழுவின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். இன்னொரு வகை, பிளே ஸ்டோரில் இல்லாத ஆப்பை ஏபிகே ஃபைலாக அனுப்பி நிறுவச் சொல்கிறவர்கள். அது எஸ்எம்எஸ் பார்க்க அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓடிபி அவர்கள் கையில். டெபாசிட் தனிநபர் யூபிஐ ஐடிக்குப் போகும், திரும்ப எடுக்கப்போனால் ‘முதலில் வரி கட்டு’ என்பார்கள். எந்த வரியும் அப்படிக் கட்டுவதில்லை. ஏற்கெனவே காசு போய்விட்டது என்றால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு. வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து இரண்டு நாள் மறைப்பதுதான் பெரிய நஷ்டம். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பையன் டீம் போடுகிறான் என்றதும் ஃபோனைப் பிடுங்காதீர்கள். அந்த ஆப் காசு கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். கேட்காத ஆட்டத்தில் அவன் கூட்டல் கழித்தலும் பட்ஜெட்டும்தான் பழகுகிறான்.

இனி தங்கள் நாளிதழுக்கு எங்கள் வேண்டுகோள். ஐபிஎல் நாட்களில் விளையாட்டுப் பக்கத்தில் ஸ்கோரைச் சுருக்காமல் போடுங்கள்: ஒவ்வொருவரின் ஃபோர், சிக்ஸர் எண்ணிக்கை, கேட்ச் பிடித்தவர் பெயர், ரன் அவுட் செய்தவர் பெயர், மெய்டன். இரவு ஆட்டம் அச்சுக்குப் பிந்திவிட்டால் அடுத்த நாள் இதழிலாவது வரட்டும். டேட்டா தீர்ந்த பையன் டீக்கடை பேப்பரை வைத்துக் கணக்கு எழுதிவிடுவான்.

பிரீமியர் லீக் சீசனில் வெள்ளிக்கிழமை இதழில் நான்கு வரிப் பெட்டி ஒன்று போதும். முதல் வரியில் எத்தனையாவது வாரம், இந்திய நேரப்படி டெட்லைன் எந்தக் கிழமை எத்தனை மணி. இரண்டாவது வரியில் அந்த வாரம் ஆட்டம் இல்லாத கிளப், இரண்டு ஆட்டம் உள்ள கிளப். மூன்றாவதில் அடிபட்டவர்கள். நான்காவதில் தடை பெற்றவர்கள். முதல் 19 மேட்சுக்குள் ஐந்து மஞ்சள் அட்டை வாங்கினால் ஒரு மேட்ச் தடை என்பதால், நான்கு வாங்கி நிற்பவர்களின் பெயரையும் சேர்த்தால் இன்னும் நல்லது. வியாழக்கிழமை மாலைக்குள் இந்த விவரங்களைத் தொகுத்துத் தமிழில் அனுப்பிவைக்க நாங்கள் தயார். அதற்குச் சன்மானம் வேண்டாம், பெயரும் வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு மேட்ச் இருக்கிற வாரங்களில் மட்டும் பெட்டியை வியாழக்கிழமை இதழிலேயே போட்டுவிடுங்கள், அதற்கு முந்தைய நாள் மாலையே அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
கால்பந்து, கிரிக்கெட் லீக் நடத்தும் வாசகர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை-39